மூடி ஒரு வீட்டில், டப்பா ஒரு வீட்டில்

மலாக்காவில் பாச்சாங் பக்கத்தில் கோமளாவைப் போல நாணயமான பெண்ணைப் பார்ப்பது அரிது என்று சொல்வார்கள். இரவல் வாங்கிய ஊசியைக்கூட நூல் கோத்துத் திருப்பிக் கொடுப்பவள். அப்படிப்பட்டவள் அடுத்தவள் வீட்டு டப்பா மூடியைத் தன் துணி அலமாரியில் சேலைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? கோயிலில் இருக்கும் முருகனுக்குத் தெரியும். அவள் புருஷன் தங்கராஜுவுக்கும் தெரியும். இருவருமே வாயைத் திறக்கவில்லை.

கதை பஸ்ஸில் தொடங்குகிறது. செங் என்ற பக்கத்து ஊரின் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரி. பாச்சாங்கிலிருந்து விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஃபேக்டரி பஸ்ஸில் கோமளாவுக்கும் இருசம்மாளுக்கும் ஒரே இருக்கை. ஜன்னல் ஓரம் எப்போதும் இருசம்மாளுக்குத்தான். "நான் உனக்கு மூத்தவ. காத்து மொதல்ல எனக்கு, மிச்சம் இருந்தா உனக்கு" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஃபேக்டரிக்குள் மிஷின் போடும் சத்தத்தில் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே போகும்போது பாதிக் கதை, வரும்போது மீதிக் கதை. மாமியார் கதை, சூப்பர்வைசர் கதை, கோயிலில் யார் யாரோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்ற கதை. இருசம்மாள் சூப்பர்வைசரைப் போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடித்துக் காட்டுவாள். கோமளா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பாள். பஸ் ஓட்டும் மலாய்க்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கண்ணாடியில் பார்த்து அவரும் சிரிப்பார்.

இத்தனை வருடப் பழக்கத்தில் ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போனது நல்லது கெட்டதுக்கு மட்டும்தான். தினமும் பக்கத்தில் உட்காருகிறவளை வீட்டுக்கு வேறு போய் யாராவது பார்ப்பார்களா?

பிறகு ஃபேக்டரிக்காரன் வயதான ஆட்களைக் கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டான். பஸ்ஸும் போயிற்று. இருசம்மாள் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மகன் கவிநேசன் செங்கில் வாங்கிய ஃப்ளாட்டுக்குப் போய்விட்டாள். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.

செங் ஒன்றும் காத தூரத்தில் இல்லை. கோமளாவுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டவும் தெரியும். ஆனாலும் போகவில்லை. அதுதான் போன் இருக்கிறதே! காலையில் இருசம்மாளிடமிருந்து ரோஜாப்பூ வைத்த முருகன் படம் வரும். கோமளா கை கூப்பிய படத்தைத் திருப்பி அனுப்புவாள். வெள்ளிக்கிழமையானால் அம்மன் படம், அதற்கும் கும்பிடு. படம் வந்தது, கும்பிடு போனது, பேச்சு மட்டும் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. கோமளா வீட்டில் தங்கராஜு லோரி ஓட்டப் போய்விடுவார், மகள் ஷாமினி ஆபீசுக்குப் போய்விடுவாள். பகல் முழுவதும் கோமளா வாயைத் திறப்பது மீன்காரனிடம் விலை கேட்பதற்குத்தான். அவனும் இப்போது விலையை எழுதி வைத்துவிடுகிறான்.

ஆண்டவன் பார்த்தான். மாசி மகத்தன்று செங் மலைக் கோயிலில் கூட்டத்துக்கு நடுவில் இருவரையும் எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்தினான்.

"அடியே கோமளா! உயிரோடதான் இருக்கியா?"

"தினமும் கும்பிடு போடறேனேக்கா, தெரியலியா?"

"யாரு போடறான்னு எனக்கு எப்படித் தெரியும்? செத்த பெறகும் போன் அது பாட்டுக்குப் போடுமோ என்னமோ!"

அன்னதானப் பந்தலில் தங்கராஜு வரவில்லை என்று கேள்விப்பட்டதும், இருசம்மாள் தன் பையிலிருந்த பச்சை நிற டப்பாவில் சர்க்கரைப் பொங்கலை அமுக்கி வைத்து, மூடியை அழுத்தி மூடிக் கையில் கொடுத்தாள். "பிரசாதம் அவருக்கு. டப்பா எனக்கு. பத்திரம். என் தங்கச்சி மக கல்யாணத்துல குடுத்தது" என்றாள்.

நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். கோமளா அடுத்த செவ்வாய்க்கிழமை சுண்டல் செய்து டப்பாவில் போட்டாள். மூடியைத் தேடினால் காணோம். அடுப்பு மேடையைத் துடைத்தாள், தட்டு அடுக்கைக் கவிழ்த்துப் பார்த்தாள், கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் டப்பாவின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்துக் கட்டிக்கொண்டு போனாள்.

"என் டப்பாவ மொட்டையடிச்சுக் கொண்டாந்திருக்கியே!" என்று இருசம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். அன்று பேசினார்கள் பேச்சு! மாதக்கணக்கில் சேர்ந்து கிடந்தது எல்லாம் வெளியே வந்தது. வெயில் தாழ்ந்த பிறகுதான் கோமளா கீழே இறங்கினாள்.

மூடி அரிசி வாளிக்குப் பின்னால் கிடந்தது. அது நிஜமாகவே தொலைந்து நிஜமாகவே கிடைத்த மூடி. அதோடு கதை முடிந்திருக்க வேண்டியது.

மூடியை வாங்குவதற்காக அடுத்த செவ்வாய் இருசம்மாள் பஸ் ஏறி வந்தாள். வரும்போது அதே டப்பாவில் முறுக்கு கொண்டு வந்தாள். பேசிச் சிரித்துவிட்டு மூடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். டப்பாவை மறந்துவிட்டாள். கோமளா அதை நாற்காலி மெத்தைக்கு அடியில் கண்டெடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். மறந்துபோன பொருள் மேசை மேல் இருக்கும், தானாக மெத்தைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளாது. கோமளாவின் உதட்டோரம் மெல்ல விரிந்தது.

அன்று முதல் மூடி ஒரு வீட்டில், டப்பா ஒரு வீட்டில். டப்பாவை எடுத்துக்கொண்டு போனால் மூடி தங்கிவிடும், மூடியைக் கேட்டு வந்தால் டப்பா தங்கிவிடும். இரண்டும் ஒரே கூரைக்கு அடியில் ராத்தங்கவே இல்லை. ஒவ்வொரு செவ்வாயும் யாராவது ஒருத்தி கிளம்பித்தான் ஆக வேண்டும். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை வெளிப்படையாகப் பேசிக்கொண்டதில்லை. பேசினால் ஆட்டம் கலைந்துவிடும் அல்லவா?

பேசாதது மட்டுமல்ல, போனில் சண்டை வேறு போட்டார்கள்.

"என் மூடிய எப்பத்தான்டி குடுப்ப? மனுஷ ஜென்மமா நீ?" என்று செங்கிலிருந்து இருசம்மாள் கத்துவாள்.

"தைரியம் இருந்தா நேர்ல வந்து வாங்கிக்கக்கா! போன்ல குடுக்க முடியாது!" என்று பாச்சாங்கிலிருந்து கோமளா கத்துவாள்.

போனை வைத்துவிட்டு இருவரும் அவரவர் சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொள்வார்கள். சிரிப்பை யாரும் பார்க்கவில்லை. கத்தியது மட்டும் பிள்ளைகள் காதில் விழுந்தது.

இருசம்மாளின் மருமகள் பவானேஸ்வரி நல்ல பெண். மாமியாருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, ஒரு டப்பாவுக்காக இப்படிக் கத்தினால் என்னாவது என்று கவலைப்பட்டாள். ஷாமினிக்கு மெசேஜ் அனுப்பினாள். அதே வாரம் ஷாமினி மடித்த துணியை அலமாரியில் வைக்கப் போனபோது, அம்மாவின் பட்டுச் சேலைக்கு அடியில் பச்சை மூடியைப் பார்த்துவிட்டாள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற அம்மா, அடுத்தவர் மூடியைத் திருடி ஒளித்து வைத்திருக்கிறாளே!

இரண்டு இளசுகளும் கலந்து பேசின. பெரியவர்களின் சண்டை முற்றுவதற்குள் முடித்துவைக்க வேண்டும். ஒரு மாலை ஷாமினி ஆபீஸ் முடிந்து காரில் நேராகச் செங்குக்குப் போனாள். மூடியை ஒப்படைத்தாள். மூடியும் டப்பாவும் ஒன்று சேர்ந்தன. அது போதாதென்று இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு புது டப்பா செட் வேறு வாங்கிக் கொடுத்தார்கள்.

"ம்மா, எல்லாம் செட்டில்" என்று ஷாமினி வீட்டுக்கு வந்து சொன்னாள். "இனிமே நீங்களும் ஆன்ட்டியும் சண்ட போட வேணாம்லா."

"மூடிய... வெறுமனேயா குடுத்த?" என்று கோமளா கடைசி நூலைப் பிடித்துப் பார்த்தாள். வெறுமனே கொடுத்திருந்தால் மன்னிப்புக் கேட்கவாவது ஒரு நடை போகலாமே.

"உங்க பழக்கம் எனக்குத் தெரியாதா? ஒரு பாக்கெட் சீனி வச்சுத்தான் குடுத்தேன். அவங்களும் ஒரு பாக்கெட் சீனி குடுத்தாங்க. இந்தாங்க."

சீனிக்குச் சீனி. எந்த ஓட்டையும் விடாமல் அடைத்துவிட்டாள், வளர்த்த மகள்! கோமளா அவளை முறைத்தாள். பாராட்டுக்காக நின்றுகொண்டிருந்த ஷாமினி ஒன்றும் புரியாமல் உள்ளே போனாள். மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தங்கராஜுவின் தோள்கள் மட்டும் குலுங்கின.

செவ்வாய் வந்தது. யாரும் வரவில்லை. முருகன் படம் வந்தது. அடுத்த செவ்வாயும் முருகன் மட்டும்தான் வந்தார். கோமளாவின் மனதுக்குள் ஒரு முள் ஏறியது. இருசக்கா இத்தனை நாள் தன்னைப் பார்க்கத்தான் வந்தாளா, இல்லை நிஜமாகவே டப்பாவுக்காகத்தான் அலைந்தாளா? மெத்தைக்கு அடியில் ஒளித்ததெல்லாம் தானாகக் கட்டிக்கொண்ட கற்பனையோ? கிடைத்துவிட்டது, இனி இவள் எதற்கு என்று மூன்றாம் மாடியில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாளோ? போனில் கேட்டுவிடலாம். ஆனால் 'என்மேல் உனக்குப் பிரியம் இருக்கிறதா' என்று ஐம்பதைத் தாண்டிய பொம்பளை போனில் கேட்டால் ஊர் சிரிக்காதா?

கோயிலில் முருகன் முன் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். 'பெரிசா ஒன்னும் வேணாம்ப்பா. யாருக்கும் நோய் நொடி வரக் கூடாது, யாரும் சாகவும் கூடாது. அங்க போறதுக்குச் சின்னதா ஒரு காரணம் குடு. போதும்.' முருகன் வேலைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். காரணம் எதுவும் கொடுக்கவில்லை.

"சும்மா போயிட்டு வாயேன்" என்றார் தங்கராஜு.

"சும்மா எப்படிங்க போறது? ஒரு வீட்டுக்குள்ள போனா என்னா விஷயம்னு கேப்பாங்கல்ல?"

"ஒன்னும் இல்லன்னு சொல்லு."

"ஒன்னும் இல்லாம ஒருத்தி மூணு மாடி ஏறி வருவாளா? கடன் கேக்க வந்திருக்கான்னு நெனைப்பாங்க."

"கேட்டாத் தர மாட்டாங்க. தைரியமாப் போ" என்று சொல்லிவிட்டு அவர் லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அந்தச் செவ்வாய் கோமளா கிளம்பிவிட்டாள். நல்ல சேலை கட்டினால் கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைப்பார்கள், ஆகவே வீட்டில் போடும் சட்டையையே கொஞ்சம் நீவி விட்டுக்கொண்டாள். வழியில் பழக்கடையில் மோட்டாரை நிறுத்தினாள். ஆரஞ்சைக் கையில் எடுத்தாள். ஆரஞ்சு கொண்டு போனால் நோயாளியைப் பார்க்க வந்த மாதிரி. பக்கத்துக் கடையில் மைலோ சத்துபான டின். அது ஆஸ்பத்திரியே தான். வெற்றிலை வாங்கினால் சம்பந்தம் பேச வந்தவள். பூ வாங்கினால் வீட்டில் என்ன பூசை என்று கேள்வி வரும். உலகத்தில் கையில் எடுக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆரஞ்சை வைத்துவிட்டு வெறுங்கையோடு மோட்டாரில் ஏறினாள். பழக்கடைக்காரன் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

மாடிப்படி ஏறும்போதே ஏதோ கருகுகிற வாசம் வந்தது. மூன்றாம் மாடியில் அது மூக்கைத் துளைத்தது. கதவைத் திறந்த பவானேஸ்வரி ஏற்கெனவே பதற்றத்தில் இருந்தாள்.

"ஆன்ட்டி! என்னாச்சு? அங்கிளுக்கு ஏதாவதா?"

"நல்லா இருக்காரும்மா."

"ஷாமினிக்கா?"

"அவளும் நல்லா இருக்கா."

பவானேஸ்வரியின் பார்வை கோமளாவின் இரண்டு கைகளுக்கும் போனது. ஒன்றும் இல்லை. அவள் முகத்தில் புதிதாக ஒரு பயம் எழுந்தது. குரலைத் தாழ்த்தி, மரியாதை குறையாமல் சொன்னாள்: "ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. எங்க வீட்ல தண்ணி ஃபில்டர் இருக்கு. போன மாசந்தான் வாங்கினோம்."

"நான் ஒன்னும் விக்க வரலம்மா!"

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

கோமளா வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து புகை ஒரு சுருள் வந்தது. "அத்த! ஏதோ வயர் எரியுது, வெளிய வாங்க!" என்று பவானேஸ்வரி ஓடினாள். கோமளாவும் பின்னால் ஓடினாள்.

வயர் எதுவும் எரியவில்லை. அடுப்புக்கு முன்னால் இருசம்மாள் நின்றிருந்தாள். தோசைக்கல் மேல் பச்சையாக ஏதோ கொழகொழவென்று உருகி ஓடிக்கொண்டிருந்தது. கையில் தோசைத் திருப்பி. திரும்பிப் பார்த்தவள் கோமளாவைக் கண்டதும், பால் சட்டியில் வாய் வைத்த பூனையைப் போல அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா... அது அந்த மூடியா?"

"எந்த மூடி?" என்றாள் இருசம்மாள். பச்சை நிறத்தில் ஒரு சொட்டு தோசைத் திருப்பியிலிருந்து கீழே விழுந்தது.

"அத்த, எதுக்கு மூடியத் தோசக்கல்லுல போட்டீங்க?" பவானேஸ்வரிக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. மாமியாருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டாள்.

இருசம்மாள் அடுப்பை அணைத்தாள். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் கோபத்தைக் கையில் எடுத்தாள். "ஆமா! லேசா வளையற அளவுக்குச் சூடு காட்டலாம்னு பார்த்தேன். வளஞ்சா டப்பாவுக்குச் சேராது இல்ல? 'ஒம் மக வேற மூடியக் குடுத்து ஏமாத்திட்டா, என் மூடி இன்னும் ஒங்கிட்டதான் இருக்கு'ன்னு இன்னைக்கு ஒன் வீட்டுக்கு வந்து ஒரு பிடி பிடிக்கலாம்னு இருந்தேன். தீ கொஞ்சம் ஜாஸ்தியாயிருச்சு."

கோமளா அந்தப் பச்சைக் குழம்பைப் பார்த்தாள், இருசம்மாளின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வாரமாக உள்ளே குத்திக்கொண்டிருந்த முள் எங்கே போனதென்று தெரியவில்லை. இருந்தாலும் சும்மா விடுவாளா?

"அப்ப என் மகளத் திருடின்னு சொல்ல வர்றதா இருந்தீங்க."

"ஒன்னத் திருடின்னு சொன்னா நீ நம்ப மாட்டியே! சரி, நீ எதுக்கு வந்த?"

"சும்மாதான்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா. ஒன்னும் கொண்டாரல. ஒன்னும் கேக்கவும் வரல."

இருசம்மாள் தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள். "ரெண்டு வாரமா நான் இங்க ஒக்காந்து ஒரு காரணம் கெடைக்காம மண்டைய ஒடச்சுக்கிட்டு இருக்கேன். நீ என்னடான்னா சும்மா வந்து நிக்கிற. இப்படி வரலாம்னு மொதல்லயே சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா? என் தங்கச்சி மக குடுத்த மூடி போச்சேடி!"

சிரிப்பு யாரிடமிருந்து முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்தார்கள். ஒருத்தி நிறுத்தினால் தோசைக்கல்லைப் பார்த்து மற்றவள் தொடங்கினாள்.

பவானேஸ்வரி வாசலில் நின்றபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நீங்க ரெண்டு பேரும் சண்ட போடலியா?"

"போட்டோமே" என்றாள் இருசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்லாப் போயிட்டு இருந்துச்சு. நீயும் அந்தப் புள்ளையுந்தான் சேந்து கெடுத்துட்டீங்க."

அன்று தேநீர் குடித்தார்கள், தோசைக்கல்லைச் சுரண்டினார்கள், சுரண்டிக்கொண்டே பாதி மலாக்காவின் கதையைப் பேசி முடித்தார்கள். கோமளா கிளம்பும்போது பவானேஸ்வரி குற்ற உணர்ச்சியோடு புது டப்பா ஒன்றில் கேசரியை நிரப்பி எடுத்து வந்தாள்.

"வைம்மா கீழ" என்றாள் இருசம்மாள்.

"இல்லத்த, ஆன்ட்டி வெறுங்கையோட போறாங்களே..."

"போகட்டும். வெறுங்கையோடதானே வந்தா? கேசரிய வாய்ல போட்டு அனுப்பு. டப்பாவ வெளிய விட்டீன்னா மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். எனக்கு வயசாயிருச்சு."

கோமளா வாசலிலேயே நின்று கேசரியைத் தின்றுவிட்டு இறங்கினாள்.

மறுநாள் புதன்கிழமை. கோமளா சமையலறைத் தரையில் பேப்பரை விரித்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசல் கேட்டை யாரோ ஆட்டினார்கள். கை நிறையச் செதிலோடு எழுந்து போய்ப் பார்த்தால் இருசம்மாள், வெறுங்கையோடு.

"என்னக்கா! நேத்துத்தானே பார்த்தோம்?"

"ஏன், சும்மா வர்றதுக்கும் செவ்வாக்கெழமதான் வரணுமா?" என்று உள்ளே நுழைந்த இருசம்மாள் மீன் சட்டியை எட்டிப் பார்த்தாள். "இதென்னடி, பாதிச் செதில் அப்படியே இருக்கு. இதத்தான் இத்தன வருஷமா அந்த மனுஷனுக்கு ஆக்கிப் போடறியா? நவுரு இந்தப் பக்கம்" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.